மாரிதோறும் மரக்கன்று தருவோருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் மரநடுகை செய்யும் மன்றங்களுக்கும் சங்கங்களுக்கும்,

வணக்கம். ஐப்பசி மழை விழுந்ததும் கன்றுகளை ஏற்றிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறீர்கள். அந்த மனசுக்கு முதலில் நன்றி. ஆனால் கன்றை நீட்டுமுன் "உங்கட வளவு மண் எப்படி?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நான் இருப்பது உவர்மலையில். பெயரில்தான் உவர், என் வளவு மண் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை கூடியது. ஐந்து வருடத்துக்கு முன் ஓர் அமைப்பு தந்த நாகமரக் கன்றை, தேசிய மரமாயிற்றே என்று ஆசையாய் வைத்தேன். நாட்டு மரம்தான், ஆனால் மழை மிகுந்த ஈரவலயத்து மரம். புளிப்பு மண் அதற்குப் பகையில்லை. நம்மூர்க் கச்சான், அந்த வறண்ட தென்மேல் காற்றுதான் பகை. துளிர் கருகியது. மண்ணில்தான் பிழை என்று யாரோ சொல்ல, ஒரு வாளி நீற்றின சுண்ணாம்பைக் கொட்டினேன். களியும் மக்கும் குறைந்த மணல், சுண்ணாம்பின் வேகத்தை எப்படித் தாங்கும்? ஆடிக்குள் கன்று விறகு.

பிறகுதான் புத்தி வந்தது. சுண்ணாம்பு படாத வேலியோரத்தில் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து, ஜாம் போத்தலில் போட்டு, பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரை இரண்டரை மடங்கு ஊற்றிக் கலக்கினேன். கிணற்றுத் தண்ணீர் கூடாது, அதில் ஏற்கெனவே சுண்ணாம்பு இருக்கும். தெளிந்ததும் புளிப்பை அளக்கும் பி.எச். தாளை நனைத்தால் 5 சொச்சம். நடுநிலை 7, ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு. 5.5க்குக் கீழே மண்ணின் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும், பொசுபரசும் செடிக்கு எட்டாமல் கட்டுண்டு போகும்.

நம் குன்றுகளில் குவாட்சைட் என்கிற கடினமான பாறை நிறைய. அது உதிர்ந்த மணலில் சுண்ணாம்புச் சத்து அரிது. இருக்கிற கொஞ்சத்தையும் மாரி கழுவிவிடும். போதாததற்கு நாங்கள் போட்ட யூரியாவும் புளிப்பைக் கூட்டியது. நிலாவெளிக் கரையிலோ சிப்பி உடைந்த, சுண்ணாம்பு நிறைந்த மணல். வினாகிரி விட்டால் நுரைக்கும். இரண்டு இடத்துக்கும் ஒரே லொறியில் ஒரே கன்றா?

புளிப்பு மணலுக்கு நாவல், கொன்றை, புன்னை தாருங்கள். மூன்றும் நம் மண்ணின் மரங்கள், கச்சானையும் தாங்கும். நாகமரம் பட்ட குழிக்குப் பத்தடி தள்ளி வைத்த நாவல் இப்போது கூரையைத் தொடுகிறது. இன்னும் காய்க்கவில்லை, காய்த்தால் முற்றமெல்லாம் ஊதாக் கறை என்று வீட்டில் இப்போதே முணுமுணுப்பு. மரமுந்திரிகையும் இந்த மண்ணில் நன்றாக வரும், தாருங்கள், ஆனால் பிரேசிலில் இருந்து வந்ததை நாட்டு மரம் என்று சொல்லித் தராதீர்கள். பாலையும் வீரையும் இந்தப் பக்கத்துக் காட்டுக்குச் சொந்தம். ஆமை வேகத்தில் வளர்வதால் யாரும் கன்று போடுவதில்லை. பள்ளிக்கூட வளவுகளுக்காவது போடலாம்.

என் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வொரு ஒழுங்கையிலும் நாலு வளவு மண்ணைப் பார்த்துவிட்டுக் கன்றுப் பட்டியலைப் போடுங்கள். பையில் மரத்தின் பெயரையும் அதற்கு ஏற்ற மண்ணையும் எழுதுங்கள். சுண்ணாம்பைக் கன்றோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம். புரட்டாசியில் சொல்லி அனுப்பினால் நானும் வருகிறேன். ஜாம் போத்தல் இன்னும் இருக்கிறது, தாளும் பாதிச் சுருள் மிச்சம்.

இப்படிக்கு,
உவர்மலைவாசி ஒருவர்