கைக்குழந்தைக்கும் லைப்ரரி கார்டு கொடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

பசங்க படிக்கறதே இல்லன்னு ஆளாளுக்கு செல்போனைத் திட்டறோம், சரி, நம்ம லைப்ரரில கைக்குழந்தையோட ஒரு பொண்ணு போய் உக்கார முடியுமான்னு யாராவது யோசிச்சோமா? எங்க ஏரியா கிளை நூலகத்துக்கு என் பேரனைத் தூக்கிட்டு என் மருமக போனா, அவன் ரெண்டு தடவை ‘ங்ஆ’ன்னதுக்கே பேப்பர் படிச்சிட்டிருந்த பெரியவங்க எல்லாரும் கண்ணாடிக்கு மேல பாக்கறாங்க, சிறுவர் புக்கெல்லாம் பூட்டின பீரோவுக்குள்ள இருக்கு. லைப்ரரியனையும் குத்தம் சொல்ல முடியாதுங்க, குழந்தை வாயில வச்சுக் கடிச்சுட்டா ஆடிட்ல நான்தானே பதில் சொல்லணும்ங்கறார்.

இங்கிலாந்துல பர்மிங்காம்ல 1992லயே இதுக்கு வழி கண்டுபிடிச்சாங்க, புக்ஸ்டார்ட்னு பேரு. மொதல்ல ஒரு 300 குழந்தைங்க, செக்கப்புக்கு வரும்போது ஹெல்த் நர்ஸ் கையால ஒரு பை, அதுல ஒரு படப் புக்கு, கூடவே லைப்ரரில சேரச் சொல்லி அழைப்பு. அப்புறம் அது நாடு பூரா பரவுச்சு. இதுல எனக்குப் பிடிச்சதே அந்த நர்ஸ் விஷயம்தான், பச்சை உடம்புக்காரி லைப்ரரியைத் தேடி வரமாட்டா, லைப்ரரிதான் அவ இருக்கற எடத்துக்குப் போகணும்.

நம்ம ஊர்ல அதுக்கு எல்லாமே ரெடியா இருக்கு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பிரசவமானா 16 பொருள் வச்ச பெட்டகம் தர்றதை 2015லயே ஆரம்பிச்சாச்சு, கொசுவலை, கிலுகிலுப்பை, பிரசவ லேகியம் வரைக்கும் அதுல உண்டு. பதினேழாவதா ஒரு துணிப் புக்கோ கெட்டி அட்டைப் புக்கோ வச்சா என்ன? பொறந்த குழந்தைக்கு ஒரு அடி தூரம் வரைக்கும்தான் ஓரளவு தெளிவாத் தெரியும், அதுவும் கருப்பு வெள்ளைன்னா நல்லாவே பாக்கும், அதனால கலர் கலரா அடிக்கணும்னு கூட இல்ல. காசு? வீட்டு வரியோட ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரின்னு நாமதானே கட்டறோம்.

படிக்கத் தெரியாத அம்மா என்ன பண்ணுவாங்கன்னு கேப்பாங்க. எழுத்துக் கூட்டியா படிக்கணும், படத்தைக் காட்டி ‘இந்தா பாரு காக்கா, நம்ம மாடிக்கு வருமே அந்தக் காக்கா’ன்னு பேசினாப் போதும், குழந்தைக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான். தாலாட்டு பாடற நம்ம பாட்டிங்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேணாம். ஆனா சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கும், முக்கியமா அப்பாமாருக்கும், யாராவது ஒருதரம் செஞ்சு காட்டணும். புதன்கிழமை தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல அவ்வளவு பேர் காத்துக்கிட்டிருக்காங்களே, அங்க மாசத்துக்கு ஒரு தடவை லைப்ரரியன் நாலு புக்கோட வந்து உக்காந்து, அங்கேயே குழந்தை பேர்ல கார்டும் போட்டுக் கொடுக்கலாம்.

பொது நூலகத் துறை உடனே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு: ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க கடிச்சுக் கிழிச்ச புக்குக்கு அபராதமும் இல்ல, லைப்ரரியன் தலையில கணக்கும் எழுத மாட்டோம்னு ஒரு சர்க்குலர் போடுங்க. பீரோ சாவி தானா வெளிய வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சேலம்