நிறுவையடியில் கண்ட துணிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

1940 ஜனவரியில் முல்லோயாத் தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் குண்டுக்குப் பலியான தொழிலாளி கோவிந்தனின் மண் இது. உரிமை கேட்பவர்களின் துணிவு மலையகத்துக்குப் புதிதல்ல. நிர்வாகக் கதிரையில் இருப்பவர்களிடம்தான் அதை அரிதாகக் காண்கிறோம்.

நான் ஒரு முறை கண்டேன். மழை நாளில் பறித்த கொழுந்துக்கு, ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ஆளுக்கு நான்கு கிலோ கழிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். புதிதாக வந்த சின்னத்துரை, அதாவது தோட்டத்தின் உதவி முகாமையாளர், நனைந்த வெறும் சாக்கைத் தராசில் மாட்டினார். முள் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. "இத்தனை நாளும் கூடுதலாகக் கழித்திருக்கிறோம், தவறு எங்களுடையது" என்று பெண்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்லி, அன்றைய கணக்கை அங்கேயே திருத்தினார். வரிசையில் நின்ற என் அம்மா கூடையை இறக்கவும் மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றே மாதத்தில் அவருக்கு இடமாற்றம் வந்தது. மேலிடத்திடம் "இது சரியல்ல" என்று சொல்லும் உத்தியோகத்தரைத் தண்டிக்க மாட்டோம் என்று தோட்டக் கம்பெனிகள் எழுத்தில் உறுதி தர வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையோடு இதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்,
ஹட்டன்