பாட்டியைக் கைபிடித்து ஏற்றுவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூரில் 21 ஆண்டுகளாக டாக்சி ஓட்டுகிறேன். வீடு செங்காங்கில். சவாரியும் பெரும்பாலும் செங்காங், பொங்கோல் வட்டாரத்தில்தான். பொங்கோலுக்கு வந்திருக்கும், ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் தானியங்கி வாகனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் அவற்றுக்கு எதிரி இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு கார் என்றால் இந்தத் தீவு தாங்காது. 2018-லிருந்து இங்கே கார்களுக்கு அரசு அனுமதிக்கும் வளர்ச்சி விகிதமே பூஜ்யம். வீட்டருகே ஏறி, பலர் சேர்ந்து கடைத்தொகுதிக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) ரயில் நிலையத்துக்கோ போக ஒரு சிறு வண்டி வந்தால் நல்லதுதான்.

எனக்கு வாடிக்கையான பாட்டி ஒருவர் இருக்கிறார். 80 வயதைத் தாண்டியவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். மருந்தகம் போகும் நாளில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்திருப்பார். நான் இறங்கிப் போய்க் கைத்தடியை வாங்கி முன்னிருக்கையில் வைப்பேன். அப்புறம் அவர் தலை இடிக்காமலிருக்கக் கதவின் மேல்விளிம்பில் என் கையை வைத்துக்கொள்வேன். அவருக்கு இடது முட்டி மடங்காது. முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுக்க வேண்டும். இதற்கே நான்கு நிமிடம் ஆகும்.

ஒருநாள் பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் அமைதியாகிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன், முகமெல்லாம் வியர்த்திருந்தது. இரத்தப் பரிசோதனைக்காகக் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. நீரிழிவுக்காரர். ஓரமாக நிறுத்தி, வண்டியில் வைத்திருந்த மிட்டாயைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "பயந்துட்டியா தம்பி?" என்று கேட்டார். உண்மையாகவே பயந்துவிட்டேன்.

ஓட்டுநர் இல்லாத வண்டி நமக்குப் புதிதில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். சரி, வடக்கு கிழக்கு ரயில் 2003-லிருந்து அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே நிலையத்தில் ஊழியர் இருக்கிறார். மேடையும் ரயிலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. மழை பெய்யும் காலையில் சாலையோரத்தில் தடியும் குடையுமாக நிற்பவருக்கு இரண்டுமே கிடையாது.

பொங்கோலுக்கு 2025 செப்டம்பரில் மூன்று பாதைகளை அறிவித்தார்கள். இரண்டு கிராப் என்ற வாடகைக் கார் நிறுவனத்துக்கு, ஒன்று கம்ஃபர்ட்டெல்குரோ என்ற போக்குவரத்து நிறுவனத்துக்கு. தொடக்கத்தில் வண்டி ஓடுவதைக் கண்காணிக்க உள்ளே பாதுகாப்பு அதிகாரி இருப்பார் என்றார்கள். அவர் கவனமெல்லாம் சாலையில்தான் இருக்க வேண்டும், அதுதான் முறை. நாளடைவில் அவரும் இறங்கிவிடுவார். செந்தோசா தீவில் ரிசார்ட்ஸ் வேர்ல்டு உல்லாசத் தலத்துக்குள் ஓடும் தானியங்கிப் பேருந்தில் 2025 ஜூலையிலேயே அந்த அதிகாரியை எடுத்துவிட்டார்கள். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் ஊர் சுற்றிப் பார்க்க வருபவர்கள். மருந்தகத்துக்குப் போகிறவர்கள் நிலைமை வேறு.

நிலப் போக்குவரத்து ஆணையத்தை நான் கேட்பது இதைத்தான். பாதுகாப்பு அதிகாரி இல்லாமல் ஓடும் நாள் வந்தாலும், காலை நேரத்தில் மருந்தகம் வழியாகப் போகும் வண்டிகளில் ஓர் உதவியாளரை வையுங்கள். அந்த வேலைக்கு என்னைப் போல 50 வயதைத் தாண்டிய டாக்சி ஓட்டுநர்களைப் பழக்குங்கள். முதியவர்களை ஏற்றி இறக்கி எங்களுக்குக் கை பழகியிருக்கிறது. வண்டியில் உதவிப் பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் தமிழிலும் பேச ஆள் இருக்கட்டும். அந்தப் பாட்டிக்கு "ஓகே", "தேங்க்யூ" தவிர ஆங்கிலம் தெரியாது.

அடுத்த மாதம் அவருக்கு மறுபடியும் பரிசோதனை இருக்கிறது. ஆணையத்திலிருந்து யாராவது வந்தால், பாட்டியின் சம்மதத்தோடு என் முன்னிருக்கையில் உட்கார்ந்து பார்க்கலாம். கைத்தடியை அன்றைக்கு அந்த அதிகாரி பிடித்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
டாக்சி ஓட்டுநர், செங்காங்