எங்கள் வேடியப்பன் கல்லை எடுத்த இடத்திலேயே நடுங்கள்

நகர நிர்வாகத்தில் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரி பழைய ஊரில், கோட்டைக்கும் கடைவீதிக்கும் நடுவே இருக்கும் தெருவிலிருந்து எழுதுகிறேன். எந்தத் தெரு, எந்தக் கல் என்பது உங்களுக்குத் தெரியும். கால்வாய் வேலைக்காக எடுத்த அந்தக் கல்லைத் திரும்ப நடச் சொல்லி மூன்று மனு கொடுத்திருக்கிறோம். மூன்றாவது மனுவுக்குப் போன வாரம் பதில் வந்தது. குறிப்பிட்ட இடத்தில் கற்சிலை எதுவும் இருந்ததாகப் பதிவேடுகளில் இல்லையாம், அதனால் மனு முடித்துவைக்கப்படுகிறதாம். அந்தத் தாளைப் படித்த ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன்.

பதிவு இல்லை என்றால் நாங்கள் தருகிறோம். தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

தெருமுனை வேப்பமரத்தடியில், கிழக்குப் பார்த்து, ஒரு ஆளின் இடுப்பளவு உயரத்தில் நின்ற கல் அது. இடது கையில் வில், வலது கையில் கத்தி, தலையில் சரிந்த கொண்டை. தொடையில் இரண்டு அம்பு தைத்திருக்கும். காலடியில் ஒரு மாடு. மேலே எழுத்து உண்டு என்று தாத்தா சொல்வார். எங்கள் காலத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறி, விரலால் தடவினால்தான் பள்ளம் தட்டுப்படும். படித்தவர்கள் நடுகல் என்பார்கள். எங்களுக்கு வேடியப்பன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எத்தனையோ நடுகற்களை ஜனங்கள் இந்தப் பெயரில்தான் கும்பிடுகிறார்கள். மாட்டை ஓட்டிப் போனவர்களைத் துரத்தி, மீட்டு, அங்கேயே உயிரை விட்டவனுக்கு ஊரார் நட்ட கல். தெருவில் கறவை மாடு இருந்த காலத்தில் மாட்டுப் பொங்கலன்று எல்லா மாட்டையும் அந்தக் கல்லைச் சுற்றி ஓட்டி வந்துதான் தொழுவத்தில் கட்டுவோம். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன், விடியற்காலையில் குடங்கள் வரிசையாக நின்றதும் அந்த மேடையை ஒட்டித்தான். தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், எந்தக் கட்சியானாலும், முதல் தேங்காயை அங்கேதான் உடைத்தார்கள். அப்போது பதிவேட்டை யாரும் பார்க்கவில்லை.

எங்கள் பெரியம்மாவுக்கு 81 வயது. பெரியப்பா லாரி ஓட்டினார். எங்கள் தெருவில் அப்போது பத்துப் பன்னிரண்டு பேர் லாரிக்காரர்கள். வண்டி சேலம் பக்கம் கிளம்பினால் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில் என்னென்ன நடக்கிறது என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வண்டி எடுத்த அன்று சாயங்காலம் வீட்டுப் பெண்கள் வேடியப்பனுக்கு விளக்கேற்றுவார்கள், ஆள் திரும்பி வருகிறவரை தினமும். பெரியப்பா நல்லபடியாக வயதாகித்தான் காலமானார். அப்புறமும் பெரியம்மா விளக்கை நிறுத்தவில்லை. இப்போது பேரன் ஓட்டுகிறான்.

கால்வாய் வேலைக்காகக் கல்லை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. கல் நின்ற இடத்தில் சிமெண்ட் மூடி போட்டிருக்கிறீர்கள். பெரியம்மா அந்த மூடியின் மேல் அகல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறார். பைக் ஏறி அகல் நொறுங்குகிறது. மறுநாள் வேறொரு அகலோடு வருகிறார். மனு எழுதியவன் நான் என்பதால் தினமும் என்னைத்தான் கேட்கிறார்: “கல்லு எப்படா வரும்?” சாக்கடை மூடியின் முன்னால் அந்த வயசில் அவர் கைகூப்பி நிற்பதைப் பார்த்துக்கொண்டு “வந்துரும் பெரிம்மா” என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

கால்வாய் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மழை பெய்தால் வீட்டுக்குள் சாக்கடை வருகிறது என்று கால்வாய் கேட்டதே நாங்கள்தான். அன்று காலை ஜேசிபி வந்தபோது மறிக்கவும் இல்லை. வேலை முடிந்ததும் அதே இடத்தில் வைத்துவிடுவோம் என்று ஒப்பந்ததாரரின் ஆள் சொன்னதை நம்பினோம். வேலை முடிந்தது. கல், உடைந்த சிமெண்ட் குழாய்களோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முகங்குப்புறக் கிடக்கிறது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து புரட்டிப் பார்த்தோம், முடியவில்லை. எடுத்த இடத்திலேயே அதை நடுங்கள் என்பதைத் தவிர வேறெதுவும் நாங்கள் கேட்கவில்லை.

பதிவு, பதிவு என்கிறீர்கள். செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. செத்த வீரனின் பெயரோடு, கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயின் பெயரையும் அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோவிவன். 1400 வருஷத்துக்கு முன் ஒரு நாயின் பெயரைக்கூட விட்டுவிடாமல் எழுதிவைத்த மண் இது. தகடூர் என்பது நம் தருமபுரியின் பழைய பெயர். தகடூரை ஆண்ட அதியமான் பெயரைச் சொல்லாத மேடை இந்த ஊரில் உண்டா? அந்த அதியமான் செத்தபோது அவனுக்கும் ஒரு கல்தான் நட்டார்கள். அதற்கு மயில்பீலி சூட்டிக் கள் படைத்ததைப் பார்த்து ஔவை பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. நடுகல்லின் மதிப்பை எங்கள் ஊர் நிர்வாகத்துக்கே நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது வேதனையாக இருக்கிறது.

இந்த ஊரில் ஒவ்வொன்றும் இப்படித்தான் போகிறது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் சின்ன ரயில் வந்தது. 1941-இல், உலகப் போர் நடந்த சமயம், அதை நிறுத்தினார்கள். தாத்தா அதில் போயிருக்கிறார். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள். ரயில் போனது வெள்ளைக்காரன் காலத்தில். கல் போனது நம் கண் முன்னால்.

கல்லை அகழ்வைப்பகத்தில், அதாவது தொல்லியல் துறையின் காட்சியகத்தில், கொடுத்துவிடலாமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அங்கே நடுகற்களைப் பாதுகாக்கிறார்கள், அவர்கள் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் அவர்கள் எங்கள் தெருவுக்கே வந்து, தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தை மைப்படி எடுக்கட்டும், கூட நின்று உதவுகிறோம். ஆனால் இந்தக் கல்லுக்கு இன்னும் தினமும் விளக்கு எரிகிறது. அது எங்கள் தெருவிலேயே இருக்கட்டும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எடுத்த இடத்திலேயே, கிழக்குப் பார்த்து, கல்லை நடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கால்வாய்க்காக இரண்டடி உள்ளே தள்ளி நட வேண்டுமென்றால் சரி, அதற்கு ஒத்துக்கொள்கிறோம். டிராக்டரும் சங்கிலியும் ஆளும் எங்கள் செலவு, உங்கள் அனுமதி மட்டும் போதும். அதற்கு நாளாகும் என்றால், முதலில் ஆள் அனுப்பி, குப்புறக் கிடக்கும் கல்லை மல்லாத்தியாவது போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தெருக்காரர்கள் சார்பில்,
மூன்று மனுவையும் எழுதியவன்