புகையானின் மரபணுக்களைப் படிக்கும் பூச்சியியல் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். தஞ்சைப் பக்கம் சம்பா போடுகிறவன் நான். பள்ளியில் உயிரியல் ஆசிரியர். அதனால் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியை வயலிலும் பார்க்கிறேன், உங்கள் கட்டுரைகளிலும் படிக்கிறேன்.

போன கார்த்திகையில், பயிர் பால் பிடிக்கும் நேரத்தில், வரப்போரம் குனிந்து தூரை, அதாவது பயிரின் அடித்தண்டுகளை, விலக்கி லேசாகத் தட்டினேன். பொலபொலவென்று பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்தன. பெரும்பாலும் குட்டைச் சிறகு. அவை பறக்காது, அங்கேயே தங்கி முட்டை வைத்துத் தள்ளும். கொஞ்ச நாளில் வயல் வட்ட வட்டமாகக் காய்ந்துபோனது.

சிறகு குட்டையாவதா நீளமாவதா என்பதை இன்சுலின் போன்ற ஒரு பெப்டைடும் (சிறு புரதமும்) அதன் இரண்டு ஏற்பிகளும் முடிவு செய்கின்றன என்று சீன ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஜப்பானியர்கள் இந்தப் பூச்சியில் 48 நியூரோபெப்டைடு (நரம்புச் செல்கள் செய்தி கடத்தச் சுரக்கும் சிறு புரதம்) மரபணுக்களை அடையாளம் கண்டிருந்தார்கள். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் தட்டிப் பார்த்த தூரின் கதை அல்லவா அது!

இனி என் வேண்டுகோள். அந்த மரபணுக்கள் எந்தப் பருவத்தில், பயிர் எந்த நிலையில் இருக்கும்போது கூடுதலாக வேலை செய்கின்றன என்பதை டெல்டா வயல்களில் பிடித்த பூச்சிகளிலேயே பாருங்கள். யூரியா அதிகம் போட்ட வயலில் ஏதாவது மாறுகிறதா என்றும் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. தெளிப்பு ஒன்றுக்கு, உருளைக்கிழங்கு வண்டுக்காக, அமெரிக்காவில் 2023 டிசம்பரில் அனுமதி கிடைத்துவிட்டது. வண்டு இலையைக் கடித்துத் தின்னும்; புகையான் தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். இலைமேல் தெளித்தது அதன் வயிற்றுக்குள் எளிதில் போகாது; அதனால் இங்கே வேலை அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் ஒருநாள் வரும். அன்றைக்கு நியூரோபெப்டைடு மரபணுவைக் குறிவைத்தால், அதே வயலில் புகையானின் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சி என்ன ஆகும்? அதுவும் புகையான் இருக்கும் அதே பூச்சி வரிசையை (ஹெமிப்டெரா) சேர்ந்ததுதான். பல நியூரோபெப்டைடுகள் பூச்சிக்குப் பூச்சி பெரிதாக வேறுபடுவதும் இல்லை. எனவே எந்த ஆர்.என்.ஏ. துண்டைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் மிரிடிலும் சிலந்தியிலும் சோதித்துவிடுங்கள். சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு புகையான், குத்துக்கு (ஒரே இடத்தில் வளரும் தூர்க்கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்று மருந்தடிக்கும் அளவை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் துறைதான். சிலந்தியைக் கணக்கில் சேர்த்த அந்த அக்கறை ஆய்வகத்துக்குள்ளும் வேண்டும்.

அப்புறம், முடிவுகளைத் தமிழிலும் எழுதுங்கள். நடவில் எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விடச் சொன்னபோது காரணமும் சொன்னதால்தான் எங்கள் ஊரில் பலர் கேட்டுக்கொண்டார்கள்.

பூச்சி பிடிக்க வயல் வேண்டுமென்றால் என்னுடையதற்கு வாருங்கள். கார்த்திகை பிறந்ததும் வந்தால் சரியாக இருக்கும். காலை ஏழு மணிக்கு நான் வரப்பில்தான் இருப்பேன்.

அன்புடன்,
ஒரு டெல்டா விவசாயி