நாவல் தாளுக்கு வினா எடுக்கும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

பி.ஏ. தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறவன் நான். நாவல் தாளில் என்ன கேட்பீர்கள் என்று அவர்களுக்கு முன்பே தெரியும்: ‘இந்நாவல் காட்டும் சமுதாயச் சிக்கல்களை விவரி.’ விடையும் உபதலைப்புகளோடு நோட்ஸில் தயாராக இருக்கிறது. நாவலைத் திறக்காமலே மார்க் வாங்கிவிடலாம். பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்?

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யையே எடுத்துக்கொள்வோம். 1966இல் வந்தது. ‘சுதந்திரத்துக்குப் பின் வந்த அரசியல் சீரழிவு’ என்று எழுதினால் முழு மார்க். தப்பில்லைதான். ஆனால் நாவல் அதை எப்படிச் சொல்கிறது? ஊரில் காற்றாடி மரத்தோப்பை வெட்டிவிட்டுப் பூங்கா போடுகிறார்கள். மரத்தை ஏன் வெட்டுகிறார்கள் என்று ஒரு பெரியவர் இளைஞன் ஒருவனிடம் விசாரிக்கிறார். செடி வைக்க என்கிறான். செடி எதற்கு? காற்றுக்கு. மரத்தை வெட்டிவிட்டா காற்றுக்குச் செடி வைப்பார்கள்? சரி, அழகுக்கு. அந்தச் செடியும் மரமாகிவிடாதா? மரமாகாத செடியாகப் பார்த்து வைப்பார்களாம். இல்லையென்றால் வெட்டி வெட்டி விடுவார்களாம்.

அரசாங்கம், வளர்ச்சி என்ற பேச்சே இதில் இல்லை. ‘அவர்கள்’ யார் என்றுகூட இருவரும் கேட்டுக்கொள்வதில்லை. யாரோ வெட்டுவார்கள், யாரோ வைப்பார்கள். இதை வகுப்பில் படித்தபோது அந்த இளைஞன் கிண்டல் செய்கிறான் என்றாள் ஒரு மாணவி. இல்லை, அவன் நம்பித்தான் சொல்கிறான், அதுதான் பயம் என்றான் இன்னொருவன். அரை மணி நேரம் சண்டை. எனக்கு அந்தப் பெண் சொன்னதுதான் சரியென்று படுகிறது, ஆனாலும் அவனை மடக்க முடியவில்லை. இந்தச் சண்டைக்கு உங்கள் வினாத்தாளில் எத்தனை மார்க்?

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்திலும் (1976) ‘இடப்பெயர்ச்சி’ என்ற தலைப்போடு நிறுத்திவிடுகிறீர்கள். சென்னாதேவி என்ற பெண்மேல் ஒரு ராஜா ஆசைப்பட்டதால் அவள் குடும்பமே ஊரைவிட்டு ஓடிவருகிறது. அவள் அழகை எல்லோரும் பேசுகிறார்கள். அவள் மனசில் என்ன இருந்தது, அதை யார் கேட்டார்கள் என்று தேடச் சொல்லலாமே. குடும்பம் தன் வரலாற்றைச் சொல்லும்போது யாருடைய குரல் விடுபடுகிறது என்பது அங்கேதான் பிடிபடும்.

வேடிக்கை என்னவென்றால், இதே பிள்ளைகளுக்குத் தொல்காப்பியத் தாளில் பாட்டில் மறைந்திருக்கும் பொருளைக் காட்டும் உள்ளுறையும் இறைச்சியும் நீங்கள்தான் கற்றுத் தருகிறீர்கள். சங்கப் பாட்டில் குறிப்புப் பொருள் தேடத் தெரிந்தவர்களுக்கு நாவலில் தேட வராதா?

மதிப்பீட்டு முகாமில் கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிறவர்களுக்கு விடைக்குறிப்பு இருந்தால் வசதி என்பது புரிகிறது. அதனால் ஒரேயொரு கேள்வியை மட்டும் மாற்றுங்கள். நாவலின் ஒரு பக்கத்தை வினாத்தாளிலேயே அச்சிட்டு, இங்கே சொல்லாமல் சொன்னது என்ன, எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். விடைக்குறிப்புக்கு மாறாக எழுதியிருந்தாலும், காட்டிய வரி தாங்கினால் மார்க் போடச் சொல்லிக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். வரும் பருவத் தேர்விலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தனிப்பயிற்சி ஆசிரியர்