போர்க்கின் மௌனத்துக்கு ஒரு விலை இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பிள்ளைகளுடன் சேர்ந்து பார்க்கத்தக்க விளையாட்டுத் திரைப்படங்களின் வரிசையில், 2017இல் வெளியான 'போர்க் வெர்சஸ் மெக்கன்ரோ' படத்தையும் சேர்த்திருந்தது எனக்கு மகிழ்ச்சி அளித்தது. டென்னிஸை மதித்து எடுக்கப்பட்ட படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் அப்படத்தைப் பற்றி எழுதப்பட்டிருந்த சில வரிகளின் சாரம், பொறுமை கோபத்தை வென்ற கதை என்பதாகவும், மைதானத்தில் உணர்ச்சியை வெளிக்காட்டாமல் இருக்க இளம் வீரர்களுக்குக் கற்றுத்தரும் பாடம் என்பதாகவும் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாக டென்னிஸ் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில், இந்தக் கருத்தை மறுத்து எழுதுவதைக் கடமையாகக் கருதுகிறேன். அந்த வரிகளை நம்பிப் படம் பார்க்கும் பெற்றோர், படம் சொல்ல வந்ததற்கு நேர்மாறான ஒன்றைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடக் கூடும் என்பதே என் கவலை.

டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் மெட்ஸ் இயக்கிய இப்படம், 1980ஆம் ஆண்டு விம்பிள்டன் போட்டியின் இரண்டு வாரங்களை மையமாகக் கொண்டது. ஐந்தாவது முறையாகத் தொடர்ந்து பட்டம் வெல்லக் காத்திருக்கும் 24 வயது ஸ்வீடன் வீரர் பியோன் போர்க்காக ஸ்வெரிர் குட்னாசனும், நடுவர்களோடு சண்டையிடுபவர் என்று பெயர் வாங்கியிருந்த 21 வயது அமெரிக்கர் ஜான் மெக்கன்ரோவாக ஷயா லபூஃபும் நடித்திருக்கிறார்கள். ஒருவர் குளிர்ந்தவர், மற்றவர் கொதிப்பவர் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதியதை அப்படியே ஒப்புக்கொள்வதுபோலத் தொடங்கும் படம், போகப் போக அந்தப் பிரிவினையைக் கலைத்துவிடுகிறது.

போர்க்கின் சிறுவயதுக் காட்சிகளைப் பாருங்கள். ஸ்டாக்ஹோமுக்கு அருகிலுள்ள சோடர்டெல்யே நகரில் வீட்டு வாகனக் கொட்டிலின் கதவில் பந்தை அடித்து அடித்துப் பழகிய அந்தப் பையன், ராக்கெட்டை வீசியெறிபவன், நடுவரிடம் கத்துபவன், தோல்வியைத் தாங்கத் தெரியாதவன். அவனது நடத்தைக்காக அவன் ஆடிய டென்னிஸ் மன்றம் அவனைச் சிறிது காலம் விலக்கி வைத்ததும் உண்மையில் நடந்ததே. சிறுவயதுக் காட்சிகள் பலவற்றில் போர்க்காக நடித்திருப்பவர் அவருடைய மகன் லியோ போர்க். தந்தையின் முகச்சாயல் கொண்ட ஒரு சிறுவன் அப்படிச் சீறுவதைக் காணும்போது ஏற்படும் உலுக்கலை வேறு எந்த நடிகராலும் கொடுத்திருக்க முடியாது. அதன்பின் வருகிறது படத்தின் மிக முக்கியமான காட்சி. ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்டு நடித்திருக்கும் பயிற்சியாளர் லென்னார்ட் பெர்கலின், அந்தப் பையனை, நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பைப் போட்டிக்கான ஸ்வீடன் அணிக்கு எடுத்துக்கொள்ளும் தருணத்தில், இனி எந்த உணர்ச்சியையும் வெளியே காட்டக் கூடாது, எல்லாவற்றையும் அடுத்த அடியில் இறக்க வேண்டும் என்று உறுதிமொழி வாங்குகிறார். 1972இல், தன் 15ஆம் வயதில், நியூசிலாந்தின் ஓனி பருனை ஐந்து செட்டுகளில் தோற்கடித்து அந்த நம்பிக்கையைப் போர்க் காப்பாற்றினார் என்பது வரலாறு. பிறவியிலேயே அமைதியானவர் என்று உலகம் நம்பிய மனிதர், பதினைந்து வயதில் ஒரு பெரியவருக்குக் கொடுத்த வாக்கை ஒவ்வொரு நாளும் காப்பாற்றிக்கொண்டிருந்தவர் என்பதைத்தான் படம் சொல்கிறது.

அந்த வாக்குக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையும் படம் மறைக்கவில்லை. விடுதி அறையின் தரையில் ராக்கெட்டுகளைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றின் நரம்பும் ஒரே விசையில் இருக்கிறதா என்று போர்க்கும் பெர்கலினும் இரவில் சோதிக்கும் காட்சி என்னைப் போன்றவர்களுக்கு மறக்க முடியாதது. போர்க் மரச்சட்ட ராக்கெட்டில் சுமார் 80 பவுண்டு இழுவிசையில் நரம்பு கட்டி ஆடியவர்; இன்றைய வீரர்கள் பெரும்பாலோர் ஐம்பதைச் சுற்றியே நிற்கிறார்கள். அவ்வளவு இறுக்கத்தைத் தாங்காமல், யாரும் தொடாத ராக்கெட்டுகளின் நரம்புகள்கூட நள்ளிரவில் 'டிங்' என்று அறுந்து விழுந்து தூக்கத்தைக் கெடுத்தன. அதே விடுதி, அதே நாற்காலி, அதே எண்ணிக்கையில் துண்டுகள் என்று எதிலும் மாற்றம் வந்துவிடக் கூடாது என்ற பதற்றத்தையும், திருமணம் செய்துகொள்ளவிருந்த மரியானா சிமியோனெஸ்குவிடம்கூட மனம் திறக்க முடியாமல் அவர் திணறுவதையும் படம் பொறுமையாகக் காட்டுகிறது. மொனாக்கோவில் ரசிகர்களிடமிருந்து தப்பி ஒரு சிறிய காப்பிக் கடைக்குள் நுழையும் போர்க், கையில் பணம் இல்லாததால் அந்தக் கடைக்காரருக்குப் பெட்டிகளைத் தூக்கிக் கொடுக்கிறார். கடைக்காரருக்கு அவர் யாரென்று தெரியாது. படம் முழுவதிலும் அவர் முகம் தளர்ந்து தெரியும் இடம் எனக்கு அதுவாகவே தோன்றியது. இத்தனைக்குப் பிறகும் இதைப் பொறுமைக்குப் பாராட்டுப் பத்திரமாக எப்படி வாசிக்க முடியும்?

ஜூலை 5ஆம் நாள் நடந்த இறுதிப் போட்டிக்கு வருகிறேன். அரையிறுதியில் ஜிம்மி கானர்ஸுடன் ஆடியபோது நடுவரோடு வாதிட்டதற்காக, மெக்கன்ரோ மைய அரங்கில் கால்வைத்ததும் விம்பிள்டன் ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டு எதிர்கொண்டார்கள். அன்று அவர் நடுவருடன் சண்டையிடவில்லை. முதல் செட்டை 6-1 என்று எளிதாக எடுத்தார். அடுத்த இரண்டையும் 7-5, 6-3 என்று மீட்ட போர்க், நான்காவது செட்டில் 5-4, 40-15 என்ற நிலையில் தன் சர்வீஸிலேயே இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகளை, அதாவது வென்றால் பட்டமே கிடைத்துவிடும் புள்ளிகளை, கையில் வைத்திருந்தார். இரண்டும் போயின. பின்னர் 6-6 என்று சமமான செட்டை முடிவு செய்ய வந்த டை-பிரேக்கர் ஏறக்குறைய 20 நிமிடங்கள் நீண்டு, 34 புள்ளிகள் ஆடப்பட்டு, 18-16 என்று மெக்கன்ரோவின் பக்கம் முடிந்தது. அதற்குள் போர்க் இன்னும் ஐந்து சாம்பியன்ஷிப் புள்ளிகளை இழந்திருந்தார். ஆக, பட்டம் ஏழு முறை கைக்கெட்டி நழுவியிருந்தது. அந்தக் கணத்தில் தோற்றுவிடுவோம் என்றே நினைத்ததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். டை-பிரேக்கர் இல்லாத ஐந்தாவது செட்டில் தன் சர்வீஸை ஒருமுறைகூட விட்டுக்கொடுக்காமல், 8-6 என்று வென்று, புல்தரையில் மண்டியிட்டார். மூன்று மணி 53 நிமிட ஆட்டம் அது.

படம் இந்த டை-பிரேக்கரை அண்மைக் காட்சிகளாகவும் துண்டு துண்டாகவும் வெட்டியிருப்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது. பின்கோட்டில் நின்று பந்தைச் சுழற்றி ஏற்றி அனுப்பும் போர்க்குக்கும், இடக்கையால் சர்வ் செய்துவிட்டு வலைக்கு விரைந்து, பந்து தரையைத் தொடுமுன் அடிக்கும் வாலியில் முடிக்கும் மெக்கன்ரோவுக்கும் இடையே இருந்த வேறுபாடு, ஒரு புள்ளியை முழுதாகக் காட்டினால்தான் கண்ணுக்குப் புலப்படும். முகங்களை நம்பிய அளவுக்குக் கால்களை இயக்குநர் நம்பவில்லை. ஆனால் அந்த முகங்களில் அவர் தேடியது கிடைத்திருக்கிறது: டை-பிரேக்கரின் நடுவே எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் இரண்டு இளைஞர்களும் ஒரே அச்சத்தில் நிற்கிறார்கள் என்பதைக் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும்.

பொறுமை வென்றது என்ற வாதம் 1980 ஜூலையோடு கதை முடிந்துவிட்டால் மட்டுமே நிற்கும். கதை முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் இறுதியில் மெக்கன்ரோ ஐந்து செட்டுகளில் போர்க்கை வென்றார். 1981 விம்பிள்டன் இறுதியில் 4-6, 7-6, 7-6, 6-4 என்று வென்று, போர்க்கின் ஐந்து ஆண்டு ஆதிக்கத்தை முடித்து வைத்தார். நடுவரை நோக்கி அவர் கத்திய மிகப் புகழ்பெற்ற வசை அந்த ஆண்டின் முதல் சுற்றில் நிகழ்ந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதாவது, கோபக்காரராகவே வந்து பட்டத்தை எடுத்துச் சென்றார். 1981 அமெரிக்க ஓப்பன் இறுதியிலும் தோற்ற போர்க், பரிசளிப்பு விழாவுக்குக்கூட நிற்காமல் அரங்கைவிட்டு வெளியேறினார். அதற்குப் பின் எந்த கிராண்ட் ஸ்லாம் போட்டியிலும் அவர் ஆடவில்லை. 1983 தொடக்கத்தில், ஆறு பிரெஞ்சு ஓப்பன் பட்டங்களும் ஐந்து விம்பிள்டன் பட்டங்களும் பெற்றிருந்த நிலையில், 26ஆம் வயதில் ஓய்வை அறிவித்தார். பல ஆண்டுகள் கழித்து, 1991இல் மான்டி கார்லோவில், எல்லோரும் கிராஃபைட் ராக்கெட்டுக்கு மாறிவிட்ட காலத்தில், பழைய மரச்சட்ட ராக்கெட்டுடன் அவர் மீண்டும் களமிறங்கி, ஸ்பெயினின் ஜோர்டி அரெஸிடம் நேர் செட்டுகளில் தோற்றது எல்லாவற்றையும்விட வேதனையானது. 26 வயது என்பது ஒரு டென்னிஸ் வீரர் முழு வலிமையோடு இருக்கும் வயது. உடல் தேய்ந்து அவர் விலகவில்லை. உள்ளே அடக்கி வைத்துக்கொண்டே ஆடுவதற்கு மனத்தில் ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று என்றே நான் நினைக்கிறேன். படத்தின் இறுதியில் வரும் எழுத்துகளும் அந்தத் திசையிலேயே நம்மை அழைத்துச் செல்கின்றன.

இதைச் சொல்வதால் கோபத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் கருத வேண்டாம். 1990 ஆஸ்திரேலிய ஓப்பனில், மிகைல் பெர்ன்ஃபோர்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே, நடத்தைக் குற்றத்துக்காக மெக்கன்ரோ தகுதி நீக்கம் செய்யப்பட்டது நியாயமே. கோட்டு நடுவரைத் திட்டும் பிள்ளையை நான் அன்றைய ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுவேன். ஆனால் மெக்கன்ரோவை இந்தப் படம் பாதிதான் காட்டுகிறது. விருந்தினர் முன்னிலையில் பெரிய பெரிய எண்களைப் பெருக்கச் சொல்லித் தந்தை காட்சிப்படுத்தும் சிறுவன், கால் இறுதியில் தன் இரட்டையர் இணையான பீட்டர் ஃபிளெமிங்கையே வென்றுவிட்டு நண்பனின் கசப்பைத் தாங்க வேண்டியவன், ஆட்ட அட்டவணையை விடுதிச் சுவரிலேயே வரைந்து வைத்துக்கொண்டு உறங்குபவன் என்று சில கீற்றுகள் உண்டு. போர்க்கின் குழந்தைப் பருவத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது இவருக்குக் கொடுத்திருக்கலாம்.

படத்தில் இடம்பெறாத ஒரு நிகழ்வை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். 1979இல் நியூ ஆர்லியன்ஸில் இருவரும் மோதிய ஆட்டத்தில், இறுதிக் கட்டத்தில் மெக்கன்ரோ நிதானமிழந்து குமுறிக்கொண்டிருந்தபோது, போர்க் அவரை வலைக்கு அருகே அழைத்தார். திட்டப் போகிறார் என்று எண்ணிச் சென்றவரின் தோளில் கைபோட்டு, இது நல்ல ஆட்டம், பதற்றம் வேண்டாம் என்று தேற்றி அனுப்பினார். மெக்கன்ரோவே பலமுறை நெகிழ்ச்சியோடு சொல்லியிருக்கும் செய்தி இது. போர்க்குடன் மோதிய ஆட்டங்களில் அவர் கட்டுப்பாட்டோடு நடந்துகொண்டதற்கு அபராதங்களோ எச்சரிக்கைகளோ காரணமாக இருக்கவில்லை. தன்னைப் புரிந்துகொண்ட ஒருவர் வலைக்கு அப்புறம் நிற்கிறார் என்ற உணர்வே காரணமாக இருந்தது. மொத்தம் 14 முறை மோதி ஆளுக்கு ஏழு வெற்றி என்று சமநிலையில் நின்ற இந்த இருவரும், பிற்காலத்தில் நெருங்கிய நண்பர்களானதும், 2017 முதல் 2024 வரை லேவர் கோப்பையில் ஐரோப்பிய அணிக்கும் உலக அணிக்கும் தலைவர்களாக எதிரெதிரே அமர்ந்ததும் அங்கிருந்து தொடங்கியவையே.

வெற்றிக்கு ஒரே ஒரு மனப்பாங்குதான் உண்டு என்று நம்புவோருக்கு நம் சென்னையிலிருந்தே ஒரு மறுப்பு இருக்கிறது. விஜய் அமிர்தராஜ் 1974 அமெரிக்க ஓப்பனில் போர்க்கை வென்றவர். 1979 விம்பிள்டன் இரண்டாம் சுற்றில், நடப்புச் சாம்பியனாக இருந்த போர்க்கைவிட இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் முன்னிலை பெற்று, ஐந்தாவது செட்டில்தான் தோற்றவர். 1984இல் 82 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்ற மெக்கன்ரோவுக்கு, அந்த மூன்று தோல்விகளில் ஒன்றைச் சின்சினாட்டியில் பரிசளித்தவரும் அவரே. எதிராளியின் நல்ல அடிக்குப் புன்னகையோடு கைதட்டும் இயல்பை அவர் ஒருபோதும் கைவிட்டதில்லை. அது வாக்குறுதி வாங்கி வரவழைத்த அமைதி இல்லை என்பதால் அவர் கடைசிவரை ஆட்டத்தை விரும்பி ஆடினார்.

என்னிடம் பயிலும் பிள்ளைகளில் தோற்றதும் அழுபவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அடுத்த நாள் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார்கள். முகத்தில் எதுவும் காட்டாமல், ராக்கெட் நரம்புகளை விரலால் ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டே, 'பரவாயில்லை சார்' என்று சொல்லிவிட்டுப் பெற்றோரின் வாகனத்தில் ஏறும் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். 'எங்கள் பையன் அழவே மாட்டான்' என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோர் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். அப்படிப் பாராட்டப்பட்ட திறமையான பிள்ளைகளில் சிலர் பத்தாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் ஆட்டத்தை விட்டுவிட்டார்கள்; காரணம் கேட்டால் படிப்பு என்பார்கள்.

ஆகவே, அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தக் குறிப்புக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பெற்றோர், விமான நிலையத்தில் இருவரும் சந்தித்துப் பேசும் கடைசிக் காட்சியோடு எழுந்துவிடாமல், அதன்பின் திரையில் ஓடும் எழுத்துகளையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றும், 1981இல் நடந்தவற்றைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும் என்றும் அதில் குறிப்பிட்டால் போதுமானது. 1979இல் விஜய் அமிர்தராஜ் போர்க்குடன் ஆடிய ஐந்து செட் ஆட்டத்தைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு விரிவான கட்டுரை வருமானால், என் மாணவர்களுக்கு அதை நானே வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
டென்னிஸ் பயிற்சியாளர்,
திருச்சிராப்பள்ளி.